எட்டு கிலோ மடி

தண்டுவடத்துக்குள்ளேயே வளர்ந்திருந்த கட்டியை எடுத்த நாளைப் பூஜ்யம் என்று வைத்து, அன்றிலிருந்து நாட்குறிப்பில் எண் போட்டு எழுதி வருகிறேன். அபூர்வமான கட்டி என்றார் திருச்சி டாக்டர். முழுவதும் எடுத்தாயிற்று, கால் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். நான் அரும்பாவூர் வீட்டுக்குச் சக்கர நாற்காலியில் திரும்பினேன்.

நாள் 94. விக்கிரமங்கலத்திலிருந்து தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, தையில பாப்பாவுக்குக் காது குத்தறோம். மடிக்குப் பெரியப்பா மவனைச் சொல்லியிருக்கோம். கோவிச்சுக்காத."

பின்னால் அவள் மாமியாரின் குரல் கேட்டது. "படுத்துட்ட ஆளை ஏன் சங்கடப்படுத்தற?"

எங்கள் பக்கம் ஒருவர் படுத்துட்டார் என்றால், இனி எழமாட்டார் என்று பொருள். அதைக் கேட்டபோது நான் உட்கார்ந்திருந்தேன். அதையும் குறித்துவைத்தேன்.

"காது குத்தத் தாய்மாமன் மடிதானே வேணும்? நடக்கவா சொல்றீங்க? நான் நாள் முழுக்க உக்காந்துதான் இருக்கேன். என்னைவிட யாருக்கு மடி இருக்கு?"

"புள்ள நழுவுனா உனக்குத் தெரியாதேண்ணா."

அது உண்மை. தொடையில் எது பட்டாலும் எனக்குத் தெரியாது. போதாததற்குச் சில நேரம் கால் தானாகவே வெட்டி இழுக்கும்.

பெரம்பலூரில் எனக்குப் பயிற்சி தரும் பெண்ணிடம் சொன்னேன். "கால் சொல்லாததைக் கண்ணு சொல்லணும் சார். புள்ள எத்தன கிலோ?"

"எட்டு."

"அப்ப எட்டு கிலோவை மடியில வச்சுப் பழகுங்க."

எங்கள் வீட்டில் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. எட்டு கிலோ நிறுத்துப் பையில் கட்டினேன். நாள் 101, இடது தொடை வெட்டியது, கூடமெங்கும் வெங்காயம்.

"இதான் உங்க மருமவளா? நல்லா உருளுறா," என்றாள் மனைவி.

மறுநாளிலிருந்து முதலில் கால்களை நீட்டி மடக்கித் தளர்த்தினேன். பாதங்களை நாற்காலியின் கால்பலகையில் அழுத்தி ஊன்றவைத்து, பையை இரு கைகளாலும் அணைத்து, கண்ணை எடுக்காமல் பார்த்தேன். நாள் 120க்குப் பிறகு ஒரு வெங்காயமும் விழவில்லை. அதைச் சொன்னதும் தங்கை சம்மதித்தாள்.

நாள் 128. கோயிலில் பாப்பாவை என் மடியில் வைத்தார்கள். பெரியப்பா மகன் பின்னால் கைநீட்டித் தயாராக நின்றான்.

"தள்ளி நில்லுடா, வெளிச்சத்தை மறைக்கற," என்றேன்.

ஆசாரி குத்தினார். பாப்பா வீறிட்டு உதைத்தாள். இடது தொடை வெட்டியது. என் கைகள் விடவில்லை. மறு காதும் ஆயிற்று.

சுற்றி நின்றவர்கள் சிரித்தபோதுதான் குனிந்து பார்த்தேன். வேட்டி முழுக்க ஈரம். எனக்கு ஈரம் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை.

தங்கையின் மாமியார் பதறி ஓடி வந்தார். "அய்யய்யோ, நனைச்சுட்டாளா? எந்திரிங்க தம்பி, வேட்டிய மாத்திக்கலாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்றைய குறிப்பு ஒரே வரி: எந்திரிக்கச் சொல்லிவிட்டார்கள்.