மூடாத வால்வும் ஒரு மொட்டைக் கடிதமும்

அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியவள் நான்தான்.

இடது கையால் எழுதினேன். எங்கள் ஊரான பூதப்பாண்டியின் தபால்பெட்டியில் போட்டால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும் என்று நாகர்கோவில் வரை பேருந்தில் போய்ப் போட்டேன். கோபத்தில் செய்துவிட்டேன் என்று உங்களிடமே நான் சொல்லக்கூடும்... நம்பாதீர்கள்.

2009இல் என் கணவர் பழைய டீசல் கார் ஒன்று வாங்கினார். கருங்கல் என்ற ஊரில் அவருக்கு அலுவலகம். சில மாதங்களில் மாலைகளில் பிந்தி வரத் தொடங்கினார். கேட்டால் ஒரே பதில்தான்.

"வண்டி இழுக்கல்ல. கறுப்பாப் புகை தள்ளுது. ஓரமா நிறுத்தி, ஆற வச்சிட்டு வாறேன்."

நாகர்கோவிலில் ஒரு பணிமனையில் ஒரு மாலை வண்டியை விட்டோம். மறுநாள் காலை நானும் உடன் போனேன். மெக்கானிக் கருவியை மாட்டிப் பார்த்தார். இன்ஜினை முடுக்கிப் பார்த்தார். "ஒரு கொழப்பமும் இல்ல சார், நல்லாத்தான் ஓடுது" என்றார்.

வண்டியில் குறை இல்லையென்றால்... குறை யாரிடம்?

அன்று முதல் நான் உளவாளியானேன். அவர் சட்டையை முகர்ந்தேன். மீட்டரில் கிலோமீட்டரைக் குறித்துவைத்தேன். தூரம் சரியாகவே இருந்தது. அப்படியானால் போகும் வழியிலேயே எங்கோ நிற்கிறார் என்று முடிவுகட்டினேன். கூடுதலாக இருந்திருந்தால் அதையும் சான்றாக்கியிருப்பேன் அல்லவா?

ஒருநாள் முன்சீட்டில் பெண்கள் பிடிக்கும் குடை ஒன்று கிடந்தது.

"ஸ்டெல்லாவுக்க குடையாக்கும். மழையில நின்னா. தக்கலையில எறக்கி விட்டேன்" என்றார். ஸ்டெல்லா அவருடைய அலுவலகத்தில் எழுத்தர்; என்னையும் தெரிந்தவள். அவள் கணவர் தக்கலையில் மின்சாதனக் கடை வைத்திருந்தார். என் கணவர் தயங்காமல் சொன்னதே எனக்குச் சந்தேகமாகப் பட்டது. தயங்கியிருந்தால்?

கடிதத்தை அந்தக் கடை முகவரிக்குத்தான் அனுப்பினேன். நான்கே வரிகள்.

பத்து நாள் கழித்துச் சாப்பாட்டின்போது அவர் சொன்னார்: "ஸ்டெல்லா வேலைய விட்டுட்டா. எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். எனக்க பேரையும் சேத்து எழுதியிருக்கானாம்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், உண்ணவில்லை. குற்றவாளிக்குத்தான் சோறு இறங்காது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

அடுத்த மாதம் கருங்கலில் ஒரு திருமணம். திரும்பும்போது, தக்கலை தாண்டி ஒரு ஏற்றத்தில், நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே வண்டி இழுவையிழந்தது. பின்னால் கரும்புகை. குலுங்கி நின்றுவிட்டது. எனக்குள்ளும் ஏதோ நின்றது.

சாலையோரப் பட்டறைக்காரர் வந்தார். நடுவயது, நிதானமான மனிதர். பானட்டைத் திறக்குமுன் கேள்விகள்தான் கேட்டார்.

"காலையில எடுக்கும்போ கொழப்பம் இல்ல, அப்பிடித்தானே? நல்லா சூடானப் பொறவுதானே இந்தச் சீக்கு?"

"ஆமா" என்றார் என் கணவர்.

இன்ஜின் மறுபடி உயிர்பெற்றுத் திணறிக்கொண்டிருக்கும்போதே பட்டறைக்காரர் ஒரு சிறு ரப்பர் குழாயைப் பிடுங்கினார். திணறல் மாறவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு தகரத்துண்டை வெட்டி, ஏதோ ஒரு குழாயின் வழியை அடைக்கும்படி இடையில் செருகி முடுக்கினார். புகை நின்றது. சத்தம் சீரானது.

"இஜிஆர் வால்வாக்கும், சாரே. கொஞ்சம் புகைய திரும்ப இன்ஜினுக்கு உள்ள விடும். வேல முடிஞ்சா மூடணும், அந்தக் கொழாயப் பிடுங்கினாலும் மூடணும். இதுல கரி கெட்டி, சூட்டுல தொறந்தா மூட மாட்டேங்குது. ஆறினா தானா மூடிக்கிடும். ஆறின வண்டியப் பாத்தா எவன் கண்டுபிடிப்பான்?" சூடு தணிந்ததும் வால்வைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "பாத்தியளா அக்கா?"

பார்த்தேன். மையாகப் படிந்த கரி. விரலால் தொட்டேன்.

என் கணவர் நிம்மதியாகச் சிரித்தார். "நான் சொன்னேம்லா?" அவ்வளவுதான் கேட்டார். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. கடிதம் எழுதியது நான்தான் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும்... ஏன் சொல்லவில்லை? வண்டி இனி நேரத்துக்கு வரும் என்ற மகிழ்ச்சியில் அவர் பேசிக்கொண்டே ஓட்டினார். அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயம்தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் தக்கலைச் சந்தையில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். மெலிந்திருந்தாள்.

"சாருக்கு சொகமா அக்கா? எனக்க மாப்பிள்ளைக்கு இப்பமும் சந்தேகம்தான். போன் அடிச்சா, முதல்ல அவருதான் எடுப்பாரு. சந்தைக்கு வந்தா நேரம் பாத்துக்கிட்டு நிப்பாரு." குரலைத் தாழ்த்தினாள். "ஆபீஸ்ல ஒரு பியூன் உண்டும்லா, மணியன்? அவன்தான் எழுதியிருப்பான்னு எனக்குத் தோணுது. அதுக்குப் பொறவு அவன் மொகத்துல முழிச்சதில்ல. அக்காவுக்கு என்ன தோணுது?"

மணியனை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குப் பலமுறை வந்தவர்.

இதோ, இந்த இடத்தில்தான்... உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

"இருக்கும்" என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று அவசரமாக நடந்தாள்.