சந்தனம்மாள் தொட்ட கொடி

மார்க்கையன்கோட்டை வாய்க்கால் ஓரத்தில் சுருளிவேலுக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அதில் பாதிக்கு மேல் அவன் மனைவி சந்தனம்மாள் கையால் ஊன்றிய கொடி. கொடிக்கால் என்றால் கோயில் மாதிரி. செருப்போடு நுழையக் கூடாது, வீட்டுக்குத் தூரமான பெண்கள் வரப்பைக்கூட மிதிக்கக் கூடாது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மாதம்கூட அவள் அதை மீறியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் வாய்க்காலின் மேல்மடைப் பக்கம் ஒரு சாயப்பட்டறை வந்தது. சீமையிலிருந்து தகர டப்பாவில் வந்த சாயத்தைக் கரைத்து நூலை முக்கிவிட்டு, மிச்சத்தை வாய்க்காலில் கொட்டினார்கள். தண்ணீர் ஒரு நாள் சிவப்பு, மறுநாள் நீலம். ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. பொங்கலுக்குச் சுருளிவேல் எடுத்துக் கொடுத்த அரக்குச் சேலையும் அந்தப் பட்டறை நூல்தான். கட்டிக்கொண்டு அவளும் பூரித்துத்தான் போனாள். யாரைக் குறை சொல்ல?

ஆடிக்குள் இலை மஞ்சளித்தது, வேர் அழுகியது. மாமியார் மொக்கம்மாள் தண்ணீரைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தாள்.

“தூரத்தோட உள்ள போயிட்டா. இல்லாட்டி நிக்கிற கொடி எதுக்குப் பட்டுப்போகுது?”

“அத்தே, தண்ணியப் பாருங்க.”

“பட்டறைக்காரக ஊருக்கே சோறு போடுறாக. அவுகளையா சொல்ற?”

சுருளிவேல் அவளை மேலத்தெருவில் அவள் அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டான். விட்டதும் திரும்பி நடந்தான், பாவி.

சந்தனம்மாள் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. அண்ணன் வீட்டுக் கொல்லையில் இரண்டு கொடி ஊன்றினாள். இரண்டும் துளிர்த்த பிறகு, ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள், மற்றதற்கு வாய்க்காலில் மொண்ட சாயத் தண்ணீர். இருபதாம் நாள் ஒன்று தளதளவென்று நின்றது, மற்றது கருகிப்போனது. கருகியதைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டமாகப் போய்க் கொடிக்கால் வேலிக்கு வெளியே நின்றாள். அப்போதும் உள்ளே மிதிக்கவில்லை.

“இந்தா பாருங்க, சாயத் தண்ணி ஊத்துனது. கெணத்துத் தண்ணி ஊத்துனது அங்கன நல்லா நிக்கிது. வந்து பாத்துட்டுப் பேசுங்க.”

சுருளிவேல் கருகிய கொடியை மட்டும்தான் பார்த்தான்.

“நீ தொட்ட கொடி வேற என்னடி ஆகும்?”

“நிக்கிறதையும் நான்தானே தொட்டேன்?”

“எந்த நாள்ல எதைத் தொட்டியோ, யாரு கண்டா?”

அந்த மனுஷனுக்குக் கண் இருந்து என்ன புண்ணியம்! அடுத்த வருஷம் கீழ்மடைக் கொடிக்கால்களும் பட்டுப்போயின. ஒவ்வொரு வீட்டிலும் பழி சுமக்க ஒரு பெண் கிடைத்தாள். பட்டறையைப் பார்த்து யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

அண்ணன் வீட்டுச் சோறு எத்தனை நாளைக்கு? ராசியில்லாதவள் என்று பேராகிவிட்டது. களையெடுக்கக்கூட அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது சாயப்பட்டறை ஒன்றுதான். நூல் அலசப் போனாள்.

சுருளிவேல் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, அதே கொடிக்காலில் புதுக்கொடியும் ஊன்றியிருக்கிறான் என்று அங்கேதான் கேள்விப்பட்டாள். முழங்கை வரை நீலம் ஏறிய கையால் அன்றைக்கும் தொட்டியைச் சாய்த்து வாய்க்காலில் விட்டாள். அவன் சொன்னது இப்போதுதான் மெய்யானது. அந்தக் கொடியை அவள் தொட்டுவிட்டாள்.