உப்பல் மாமாவின் போர்வெல்லும் கோல்கொண்டாவும்

போன ஏப்ரலில் மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தது. கோல்கொண்டா பார்ப்பது பல வருட ஆசை. கோவையிலிருந்து கிளம்பி, ஹைதராபாத் உப்பலில் பெரியப்பா மகள் சாந்தி அக்கா வீட்டில் இறங்கினேன். பெட்டியைக்கூட வைக்கவில்லை, அக்கா பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னா மாமா கேப்பாரு. அந்த மனுவுல கையெழுத்துப் போடச் சொல்லுடி. தெருவுல ஒருத்தரும் எங்கூட மொகங்குடுத்துப் பேசறதில்ல."

விஷயம் இதுதான். அக்காவின் கணவரான மாமா, வீட்டை ஒட்டிய ஷெட்டில் பம்புக்கு உதிரி பாகம் செய்துகொண்டிருந்தார். ஆறு பேர் வேலை பார்த்தார்கள். ஷெட்டுக்குப் போட்ட போர்வெல்லில் தண்ணீர் பொங்க, டேங்கர்காரர்கள் விலைக்குக் கேட்டு வந்தார்கள். சுவிட்சைப் போட்டால் வருமானம்! இரும்பு கடையும் லேத் ஒவ்வொன்றாக நின்றது, ஆட்களும் போய்விட்டார்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் கேட்டுத் தெருவே எழுதிய மனு, காலனிச் செயலாளரான மாமாவின் அலமாரியில் இரண்டு கோடையாகத் தூங்குகிறது.

மறுநாள் காலை ஏழரைக்கு மெட்ரோ பிடித்து, அமீர்பேட்டில் மாறி, லக்டிகாபூலில் இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோ 250 ரூபாய். கோட்டை ஒன்பது மணிக்குத் திறக்கிறது, நுழைவு 25 ரூபாய். வைரச் சுரங்கம் எந்தப் பக்கம் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டுவைத்தேன். "யஹாங் கான் நை தா மேடம், பஜார் தா," என்று சிரித்தார். இங்கே சுரங்கமே இல்லை, சந்தைதான் இருந்ததாம். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மூச்சிரைக்க உச்சிக்கு ஏறி உட்கார்ந்தபோது அதுவே மனதில் ஓடியது. வைரம் தோண்டிய இடங்கள் கிருஷ்ணைக் கரையில் தீர்ந்துபோயின. பட்டை தீட்டவும் விற்கவும் கட்டவும் தெரிந்தவர்கள் இருந்த ஊர் இன்னும் வளர்கிறது. பூமி கொடுப்பதற்குக் காவல் நிற்பதே பிழைப்பாகிவிட்டால் கை புதிதாக எதையும் கற்பதில்லை. வீட்டுக்கும் அதுதான், நாட்டுக்கும் அதுதான். மாமா மேல் கோபமே வந்தது.

ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று சாயங்காலம் மாமாவிடம் கேட்டேவிட்டேன்.

"குழாய் வந்துட்டா டேங்கர் எதுக்குக் கண்ணு வருது? அப்புறம் நான் எதை வெச்சுப் பொழைக்கறது?"

"லேத் இருக்குதுங்களே மாமா?"

அவர் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். லேத்தின் மேல் அக்கா வடகத் தட்டுகளை அடுக்கியிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு முகத்தில் சோப்போடு நிற்கிறேன், குழாயில் வெறும் காற்று. மாமா மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தார். போர் வற்றிவிட்டது. தினமும் தன்னிடம் தண்ணீர் பிடித்த டேங்கர்காரருக்கே போன் போட்டு, வீட்டுக்கு ஒரு லோடு கேட்டார். நாலு நாள் ஆகும் என்றார் அவர்.

அக்கா ஷெட்டுக்குப் போனாள். வடகத் தட்டை நகர்த்திவிட்டு, லேத்தின் மேல் மனுவையும் பேனாவையும் வைத்தாள். மாமா கையெழுத்துப் போட்டார். பிறகு துரு ஏறிய சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார், அது அசையவில்லை.

போகிறவர்களுக்கு: ஏப்ரல் வேண்டாம், குளிர்காலத்தில் போங்கள். கோட்டைக்கு இரண்டு பாட்டில் தண்ணீரும் தொப்பியும் அவசியம். உப்பலில் தங்கினால், முகத்தில் சோப்புப் போடுமுன் ஒரு பக்கெட் பிடித்துவையுங்கள். அப்புறம், லேத் வேலை தெரிந்து ஹைதராபாத் வரச் சம்மதிப்பவர் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். மாமாவுக்குக் கை மறந்துவிட்டதாம். ஐம்பத்தெட்டு வயதில் முதலிலிருந்து கற்றுக்கொள்கிறேன் என்கிறார்.