மெயில் சர்வரை நிறுத்தாமல் டேபிளை மாற்றிய மதியம்

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். எங்கள் மெயில் சர்வரில் யார் யாருக்கு முகவரி உண்டு என்பது ஒரு டேட்டாபேஸ் டேபிளில் இருக்கும். புது வெர்ஷனுக்காக அந்த டேபிளின் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. பேக்கப் எடுத்தேன். அதன் நகலில் மாற்றத்தை ஓட்டியும் பார்த்தேன். பிறகு மேனேஜரிடம், "அரை மணி நேரம் மெயிலை நிறுத்திக்கிறேன் சார்" என்றேன்.

"இன்னாய்யா நீ! மெயில் நின்னா டாக்டருங்க எங்கிட்டதான் கத்துவாங்க. அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கட்டும், நீ செய்."

தலையாட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் எவன் மெயில் பார்க்கப் போகிறான் என்ற அலட்சியம் எனக்கும்தான். ஒரு மணிக்கு ஆரம்பித்தேன். பழைய டேபிளை நகர்த்திவிட்டுப் புதியதில் பெயர்களை ஏற்ற இருபது நிமிடம் ஆனது. அதுவரை டேபிள் காலி. சர்வரை நிறுத்தியிருந்தால், அனுப்பியவரின் சர்வர் மெயிலை வைத்திருந்து மறுபடி அனுப்பியிருக்கும். ஓடவிட்டதால், எங்கள் சர்வர் வந்த மெயிலையெல்லாம் 'இப்படி ஒரு முகவரியே இல்லை' என்று திருப்பிவிட்டது. டவுனில் இருந்தவர்கள் திட்டிக்கொண்டே மறுபடி அனுப்பினார்கள்.

கல்வராயன் மலையில் எங்கள் கிளினிக் நர்ஸ் செல்விக்கு ஒரு பாறை மேல்தான் சிக்னல் கிடைக்கும். தினமும் மதியம் ஏறி, மறுநாள் காலை ஜீப்பில் கூட்டிவர வேண்டிய கர்ப்பிணிகளின் பட்டியலை அனுப்பிவிட்டு இறங்கிவிடுவார். பட்டியல் வராவிட்டால் ஜீப் கிளம்பாது.

மறுநாள் பாறையிலிருந்து போன் வந்தது.

"சார், ஜீப்பு ஏன் வரலிங்க? காலையிலேர்ந்து பட்டியல்ல இருந்த பொண்ணு ஒண்ணு வலியோட ரோட்டுலயே குந்திக்கினு இருக்குதுங்க. இப்பதான் பாக்குறேன், மெயிலு திரும்பி வந்துக்குது."

உடனே ஜீப்பை அனுப்பினோம். தாய் பிழைத்தாள். குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது.

"ரிப்போர்ட்ல நெட்வொர்க் ப்ராப்ளம்னு எழுதிடுய்யா. மலைன்னா எல்லாரும் நம்புவாங்க" என்றார் மேனேஜர். பாவி நான், எழுதினேன்.

அதன் பிறகு ஒரு புது நெடுவரிசை சேர்க்கக்கூட மெயில் வாங்குவதை நிறுத்திவிட்டுத்தான் டேபிளைத் தொட்டேன். அதற்கு முன் செல்விக்கும் ஜீப் டிரைவருக்கும் தகவல் சொல்லிவிடுவேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள். யார் கத்தினாலும் கத்தட்டும்.

ஒரு வாரம் கழித்து செல்வி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கண் வீங்கியிருந்தது.

"சார், நான்தான் அட்ரஸ தப்பா போட்டுட்டேனாங்க?"

"சிக்னல் கோளாறு சிஸ்டர்" என்றேன்.

"இன்னொரு வாட்டி பாத்துட்டு எறங்கி இருக்கலாங்க" என்று சொல்லிவிட்டு அழுதார்.