என் முகத்தின் க்ளோஸ்-அப்

போன வருடம் ஆடி மாதம், சேலத்தில் நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே குறும்பட வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். எனக்கு ஊர் வெண்ணந்தூர், நூல் வியாபாரம். ரொம்ப நாள் ஆசைக்குக் கேமராவும் ஸ்டாண்டும் வாங்கி வைத்திருந்தேன். பேச்சுத்துணைக்கு மனைவியையும் சேர்த்துவிட்டேன். அவளிடம் இருந்தது பழைய செல்போன்தான்.

முதல் வகுப்பில் அடிப்படை சொல்லிக்கொடுத்தார்கள். இடம் முழுக்கத் தெரிந்தால் வைட் ஷாட், இடுப்புக்கு மேலே என்றால் மிட் ஷாட், முகம் மட்டும் என்றால் க்ளோஸ்-அப். நின்ற இடத்திலேயே கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால் பேன். ஆளுக்கொரு சின்னப் படம் எடுத்துவரச் சொன்னார்கள்.

நான் பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போய்க் கேமராவைத் திருப்பி, தூக்கி, நடந்து, ஓடி, கற்றதையெல்லாம் காட்டிவிட்டேன். அவள் சமையலறை ஜன்னலில் செல்போனைச் சாய்த்து வைத்து, மழை வருமுன் பக்கத்து வீட்டுக்காரம்மா கொடியில் கிடந்த துணிகளை அள்ளுவதை எடுத்திருந்தாள். கேமரா அசையவே இல்லை. கடைசியில் ஒரு சட்டை மட்டும் கொடியிலேயே தொங்கி நனைந்தது.

அடுத்த வாரம் இரண்டையும் திரையில் போட்டார்கள். என்னுடையது முடிந்ததும் பயிற்சியாளர், "கேமரா நகர்றதுக்கு ஒரு காரணம் வேணும் சார்" என்றார். அவளுடையதை மறுபடியும் போடச் சொன்னார். வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். வகுப்பைத் தேடிப் பிடித்தது நான், கேமரா வாங்கியது நான், கைதட்டல் மட்டும் அவளுக்கா?

டீ இடைவேளையில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். இங்கிருப்பவர்களில் ஒருவரை, அவருக்குத் தெரியாமல் படம் பிடிக்க வேண்டும். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு பேசினார்கள். எனக்கு எதையும் எடுக்கப் பிடிக்கவில்லை. ஒரு ஓரமாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்து டீயை நீட்டினாள். அவளுடைய இன்னொரு கையை நான் கவனிக்கவில்லை.

இடைவேளை முடிந்து அவள் எடுத்ததைப் போட்டார்கள். வைட் ஷாட்டில், பெரிய கேமராவோடு தனியாக நிற்கும் ஒரு ஆள். மிட் ஷாட்டில், லென்ஸ் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக அவன் கை. அப்புறம் க்ளோஸ்-அப். உதடு சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. அந்த முகத்திலிருந்து கேமரா மெதுவாகத் திரும்பி, அவளைப் பாராட்டிவிட்டு நின்றிருந்த கூட்டத்தில் போய் நின்றது. அந்த ஆள் நான்தான்.

"இவர் எதுக்கு இப்படி நிக்கிறார்?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"தனக்குக் கிடைக்க வேண்டியது வேற யாருக்கோ கிடைச்சிருச்சுன்னு நிக்கிறாருங்க" என்றாள் ஒரு கல்லூரிப் பெண்.

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. மனைவி எழுந்தாள். "அதெல்லாம் இல்லீங்க. அவருக்குக் காத்தாலயிருந்தே தலைவலிங்க."

ஊர் திரும்பும்போது ராசிபுரம் பஸ் மல்லூரைத் தாண்டியது. பிறகு கேட்டேன். "எதுக்கு என்னைய எடுத்தே?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "உங்க தம்பி ஊடு கட்டுனப்பவும் இந்த மூஞ்சிதானுங்க. நம்ம புள்ள மார்க்க எங்கிட்ட மொதல்ல சொன்னப்பவும் இதே மூஞ்சிதான். வாயில சொன்னா சண்டைக்கு வருவீங்க. அதான் எடுத்தேன்." செல்போனை எடுத்து, "அழிச்சுப் போடட்டுங்களா?" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

அவள் இப்போது சொந்தமாக ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கூடப் போவது நான். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். யாராவது அவளைப் புகழ்ந்தால் இன்றைக்கும் உள்ளே சுருக்கென்கிறது. ஆனால் அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் ஒருத்தி எனக்குச் சோறு போட்டிருக்கிறாள் என்பதும் தெரியும்.