காசியம்மாள் கருத்துச் சொன்னாள்

சின்னசேலத்துக்குப் பக்கத்துக் காலனியில் காசியம்மாளைப் போலக் கூட்டத்தில் உட்காரத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. எந்தக் கட்சி மாநாடாக இருந்தாலும், ஆள் திரட்டும் இளஞ்செழியன் முதலில் அவள் வீட்டு வாசலில்தான் வண்டியை நிறுத்துவான். மற்ற பெண்கள் அரை மணி நேரத்தில் தூங்கி வழிவார்கள், இல்லையென்றால் பேச்சு முடியும் முன்பே சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தேடிப் போய்விடுவார்கள். காசியம்மாள் அப்படியில்லை. தலைவர் குரலை உயர்த்தி நிறுத்தினால் கைதட்ட வேண்டும், குரல் தழுதழுத்தால் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஐம்பத்திரண்டு வயதுக்குள், ஒன்றுக்கொன்று ஆகாத நான்கு கட்சிகளுக்காக முதல் வரிசையில் உட்கார்ந்து பாடுபட்டிருக்கிறாள். மேடையில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் மட்டும் தெரியாது. அதைக் கவனிப்பது அவள் வேலையில்லை.

அவள் கவனித்துச் செய்த வேலை வேறு. நூறு நாள் வேலையில் பதினைந்து வருடமாக ஏரியில் தூர் வாருகிறாள். கல்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடை வழியாக இறங்கும்போது தண்ணீரோடு பாதி மலையையும் கரைத்துக்கொண்டு வந்துவிடும். அந்த மண்ணை வெட்டி, கூடையில் சுமந்து, கரையேற்ற வேண்டும். ஒரு வருடம் புதிதாக வந்த ஓவர்சீயர், அளவெடுக்க வசதியாக இருக்கும் என்று கரையின் உள்சரிவிலேயே மண்ணைக் கொட்டச் சொன்னார். காசியம்மாள் வேண்டாம் என்றாள். படித்தவருக்கு நீ பாடம் நடத்துகிறாயா என்று கூட இருந்தவர்களே அவளை அடக்கிவிட்டார்கள். ஐப்பசியில் இரண்டே மழை. மண் மொத்தமும் வழுக்கிக்கொண்டு போய் ஏரிக்குள் படுத்துக்கொண்டது. அடுத்த கோடையில் அதே மண்ணை அதே கூடையில் சுமந்தபோது, "இந்த மண்ணுக்கு எம் பேரே தெரியும்" என்று அவள் சொன்னதைக் காலனியில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் இளஞ்செழியன் வந்தான். இந்த முறை கட்சிக் கூட்டம் இல்லை, கடலோரத்தில் ஒரு துறைமுகத்தை ஆழப்படுத்தப் போகிறார்கள், அதற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடக்கிறது என்றான். பொதுமக்கள் அந்த ஊரிலேயே இருப்பார்களே என்று காசியம்மாளின் கணவன் முனியன் கேட்டான்.

"இருக்காங்க. ஆனா அவங்க கருத்து செரியில்ல" என்றான் இளஞ்செழியன்.

பஸ்ஸில் போகும்போதே பாடம் நடந்தது. எல்லாரும் மீனவப் பெண்கள். யாராவது மைக்கை நீட்டினால், துறைமுகம் ஆழமானால் பெரிய கப்பல் வரும், எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். ஊர் எது என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு குப்பத்தின் பெயரையும் கொடுத்தான். உளுந்தூர்பேட்டை தாண்டும் வரை நாற்பது பெண்களும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகினார்கள். டீ குடிக்க இறங்கி ஏறியதில் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.

கூட்டம் நடந்த மண்டபத்தில் இப்படி வந்த ஐந்து பஸ் கூட்டத்திலேயே நாற்காலிகள் நிரம்பிவிட்டன. அதனால் அந்த ஊர் மீனவர்களை, உள்ளே இடமில்லை என்று வாசலுக்கு வெளியே தடுப்புக் கம்பிக்குப் பின்னால் வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மேடையின் நடுவில் ஓர் உயர் அதிகாரி. பக்கத்தில், சுற்றுச்சூழல் ஆய்வு செய்த கம்பெனியின் பொறியாளர். அறிக்கை ஆங்கிலத்தில் எண்ணூறு பக்கம். தமிழ்ச் சுருக்கம் இருபது பக்கம், அதில் ஆறு பக்கம் டால்பின் படம். அந்தக் கடலில் டால்பின் கிடையாது என்பது அறிக்கையின் நானூறாவது பக்கத்தில் இருந்ததாம்.

பொறியாளர் திரையில் படம் காட்டிப் பேசினார். இப்போது கடலின் அடித்தரை இவ்வளவு ஆழம், இதை இவ்வளவாக வெட்ட வேண்டும், பக்கச் சரிவு இப்படி இருக்கும், இத்தனை லட்சம் கனமீட்டர் சேறு வரும் என்றார். முதல் வரிசையில் இருந்த காசியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் முதன்முதலாக மேடையில் ஒருவர் பேசியது அவளுக்கு முழுசாகப் புரிந்தது. இது தூர் வாருகிற வேலை. கூடைக்குப் பதில் கப்பல், அவ்வளவுதான்.

புரிந்ததுதான் வினையாகப் போயிற்று. வெட்டின மண்ணை எங்கே போடுவார்கள் என்று அவர் சொல்லுவார் சொல்லுவார் என்று காத்திருந்தாள். அவரோ பாதிப்பு ஏதும் இல்லை என்று முடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தார். மைக் முதல் வரிசைக்கு வந்தது. இளஞ்செழியன் ஓரமாக நின்று அவளைப் பார்த்துத் தலையசைத்தான்.

காசியம்மாள் பாடத்தை ஒழுங்காகவே ஒப்பித்தாள். பெரிய கப்பல் வரும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். அதோடு மைக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

"ஆனா ஐயா, வாருன சேத்த எங்கங்க கொட்டுவீங்க?"

கப்பலில் கொண்டுபோய்க் கடலில் ஓர் இடத்தில் கொட்டுவோம் என்றார் பொறியாளர்.

"கடல்லேருந்து எடுத்துக்கினு போயி கடல்லயே கொட்டறீங்க. அல அடிச்சா திரும்பி வந்துடாதுங்களா?"

வராது, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறோம் என்றார் அவர். எந்த மாசத்தில் பார்த்தீர்கள் என்று கேட்டாள். அவர் பக்கங்களைப் புரட்டினார், பக்கத்திலிருந்தவரைக் கேட்டார், பிறகு பிப்ரவரி, மார்ச் என்றார்.

"மாசி பங்குனியில தண்ணி சும்மா படுத்துக்கினு கெடக்குங்க. ஐப்பசி கார்த்திகையில பாக்கலியா?"

பொறியாளர் மறுபடி பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். வெளியே கம்பிக்குப் பின்னால் விசில் பறந்தது. இதைத்தான் அந்த ஊர் மீனவர்கள் இரண்டு வருடமாக மனு மனுவாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் செந்தமிழ்ச்செல்வி என்ற மீன் விற்கும் பெண், யாரம்மா நீ, எந்தக் குப்பம் என்று அங்கிருந்தே கத்திக் கேட்டாள். காசியம்மாள் யோசித்தாள். கொடுத்த பெயர் நினைவுக்கு வரவில்லை. பொய்ப் பெயர் ஒன்றை அந்த நேரத்தில் உண்டாக்கவும் வரவில்லை.

"சின்னசேலங்க" என்றாள்.

உயர் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சின்னசேலத்தில் ஏதம்மா கடல் என்றார். இளஞ்செழியனைக் காணவில்லை. மீனவர்கள் கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பிரியாணி அண்டா திறக்கப்படாமலே வண்டியில் ஏறிப் போயிற்று. அந்த ஒன்றுக்காகப் பஸ்ஸில் இருந்த பெண்கள் ஊர் வந்து சேரும் வரை காசியம்மாளைத் திட்டினார்கள். பசி அவளுக்கும் இருந்தது. ஆனாலும் கேட்டது தப்பென்று தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து அரசு முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. நர்ஸிங் படிக்கும் மகள் கலையரசி பிரித்து வாசித்தாள். 'திருமதி காசியம்மாள், மீனவ மகளிர் பிரதிநிதி, சின்னசேலம் மீனவக் கிராமம்' என்று முகவரி போட்டிருந்தது. மண்டப வாசலில் எழுதிக்கொண்ட பெயரையும் அவள் மைக்கில் சொன்ன ஊரையும் சேர்த்துக் கூட்டக் குறிப்பில் அப்படிப் பதிவாகியிருக்கிறது. திட்டத்தை வரவேற்று, பருவமழைக் காலம் குறித்து ஆலோசனையும் வழங்கினார் என்று இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு வந்து கலந்துகொள்ளும்படியும் கேட்டிருந்தார்கள்.

"நம்ம ஊருக்கு கடல் வந்துட்சி" என்றான் முனியன். "வல வாங்கணுமா?"

இளஞ்செழியன் அதற்குள் வேறு பெண்ணை முதல் வரிசைக்கு ஏற்பாடு செய்துவிட்டான். காலனிக்குள் வந்தாலும் அவள் வீட்டைத் தாண்டியே போனான். அதனால் இரண்டாவது கூட்டத்துக்கு யாரும் கூட்டிப்போகாமல் அவளே பஸ் பிடித்துப் போனாள். இந்த முறை நாற்காலியில் மீனவர்கள் இருந்தார்கள். செந்தமிழ்ச்செல்வி எழுந்து வந்து கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அதே பொறியாளர் எழுந்து, மழைக்காலத்தையும் சேர்த்து ஒரு வருடம் முழுக்க மறுபடி ஆய்வு நடக்கும், அதுவரை தோண்டும் வேலை தொடங்காது என்று அறிவித்தார். ஆய்வு யார் செய்வார்கள் என்று ஒருவர் கேட்டார். இதே கம்பெனிதான், அவர்களுக்குத்தானே இப்போது அனுபவம் இருக்கிறது என்றார் உயர் அதிகாரி. மீனவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைதட்டுகிற இடமா என்று காசியம்மாளுக்கே பிடிபடவில்லை.

கிளம்பும்போது செந்தமிழ்ச்செல்வி ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாள். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறியபோது, நாற்றம் தாங்க முடியவில்லை, பையோடு இறங்கு என்று கண்டக்டர் சத்தம் போட்டார். காசியம்மாள் கைப்பையிலிருந்து அந்த அரசுக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். கண்டக்டர் அதை இரண்டு தரம் படித்தார். 'சின்னசேலம் மீனவக் கிராமம்' என்ற இடத்தில் விரலை வைத்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, சின்னசேலத்துக்கு ஒரு டிக்கெட் கிழித்தார்.