பட்டாபி சார் அரக்கு வைத்த பட்டம்

பட்டாபி சாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்கு மூன்றோடு நின்றுபோகும். குடிக்க மாட்டார். லஞ்சம் வாங்க மாட்டார். தப்பான காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டார். நாலாவதாக யோசிக்க ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கும்பகோணத்துக்காரர். இருபத்திரண்டு வயதில் பரீட்சை எழுதி டில்லிக்கு வந்தவர், முப்பத்தோரு வருஷமாக ஒரே அலுவலகத்தின் ஸ்டோர் பிரிவில் உட்கார்ந்து உட்கார்ந்தே அதற்கு அதிகாரியாகிவிட்டார். இளைஞர்களுக்குச் சாகச விளையாட்டுச் சாமான்கள் வாங்கி அனுப்புகிற அலுவலகம் எங்களுடையது. மலையேறும் கயிறு, துடுப்பு, மிதவைச் சட்டை எல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகும். அவர் மலை ஏறியதில்லை, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் லிஃப்ட் நின்றுபோனால், மூன்று மாடி ஏறப் பயந்து, மெக்கானிக் வரும்வரை கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற சாகச வீரர். நான் உஷாராணி, மதுரைக்காரி, அவருக்குக் கீழே பத்தொன்பது வருஷமாக உதவியாளர். பக்கத்து பிளாக்கில்தான் குடியிருக்கிறேன் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகூட அந்த முகத்திலிருந்து எனக்கு விடுதலை கிடையாது.

அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, பட்டம். ஆகஸ்ட் பதினைந்து வந்தால் மொட்டை மாடியில் ஏறி நின்றுகொண்டு, எதிர் பிளாக் பையன்களின் பட்டத்தை அறுத்துவிட்டு, ஐம்பது தாண்டிய மனுஷர் குதிப்பார். மகள் ஜ்யோத்ஸ்னா, "அப்பா, பஸ் கரோ, போதும்" என்று தலையில் அடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போவாள். மற்றது, அரக்கு. எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரிக்குப் பிரித்தாலும் வெளியூருக்கு அனுப்பினாலும், எந்தச் சாமானிலும் கழன்று வரக்கூடிய பாகம் இருந்தால், அதை நூலால் கட்டி, அரக்கு உருக்கி ஊற்றி, பித்தளை முத்திரையைப் பதிக்க வேண்டும். வழியில் யாரும் மாற்றிவிடக் கூடாதாம். அந்த சீலை உடைப்பதானால் கமிட்டியின் மூன்று பேரும் ஒன்றாக நிற்க வேண்டும். கமிட்டி என்றால் பட்டாபி சார், நான், பிறகு மெஹ்ரா. மெஹ்ரா வருஷத்தில் பாதி நாள் லீவில் இருப்பார். ஒரு தடவை அவர் திரும்பும்வரை முதலுதவிப் பெட்டி ஒன்று ஏழு வாரம் திறக்கப்படாமல் கிடந்தது.

போன மே மாதம் தூத்துக்குடிப் பயிற்சி மையத்துக்கென்று பத்துப் பெட்டிகள் வந்து இறங்கின. கைட்போர்டிங் பட்டங்கள். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, காற்றடைத்த பெரிய பட்டம் இழுக்க இழுக்கக் கடல்மேல் வழுக்கிப் போகிற விளையாட்டு. மாதிரிக்கு ஒன்றைப் பிரித்து இயக்கிக் காட்ட அந்த மையத்திலிருந்தே வைஷ்ணவி என்ற பயிற்சியாளரை வரவழைத்தார்கள். இருபத்தேழு வயதுப் பெண். வெயிலில் கறுத்துத் தோல் உரிந்த மூக்கு, கையில் கயிறு அறுத்த தழும்பு. பட்டாபி சார் அவளுக்கு நாற்காலிகூடக் காட்டவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தின் பெயராகச் சொல்லச் சொன்னார்.

"சார், இது மாடியில விடுத பட்டம் இல்ல" என்று அவள் ஆரம்பித்தாள். "முன்னாடி இருக்க இந்தத் தடிச்ச குழாய்க்கு லீடிங் எட்ஜ்னு பேரு. குறுக்கே இருக்கது ஸ்ட்ரட். ரெண்டுலயும் பம்ப் வச்சு காத்து அடிக்கணும். காத்து கம்மியா இருந்தா தண்ணியில விழுந்தது திரும்ப எந்திரிக்காது. நாலு கயிறு, இருபது மீட்டருக்கு மேல நீளம். கையில பிடிக்கிற இந்தக் கம்பிக்குப் பேரு பார். கிட்ட இழுத்தா பட்டத்துக்குப் பலம் கூடும். தள்ளுனா குறையும். பயந்தா விட்டுரணும். எல்லாரும் பயந்தா இழுப்பாங்க, அதுதான் ஆபத்து."

"விட்டா பறந்து போயிடாதோ?"

"போகாது சார். இந்த வளையம் நம்ம இடுப்பு பெல்ட்டு கொக்கியில மாட்டியிருக்கும். சிக்கன் லூப்."

பேனா நின்றது. "விளையாட்டுச் சாமான் கணக்குல சிக்கன் எப்படி வரும்?" என்றார், சிரிக்காமல். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவர் 'வளையம் (பெயர் பரிசீலனையில்)' என்று எழுதிக்கொண்டார். பத்தொன்பது வருஷம் நான் இப்படித்தான் சோறு தின்றிருக்கிறேன்.

வைஷ்ணவி பொறுமையாகத் தொடர்ந்தாள். காற்று போகிற திசைக்கு நேர் நடுவில் பட்டம் வந்தால் அதற்குப் பவர் ஸோன் என்று பெயர், அங்கே அது ஆளைத் தூக்கி எறிந்துவிடும், அதனால் எப்போதும் ஓரத்திலிருந்தே ஏற்ற வேண்டும் என்றாள். மின்கம்பி, வேலி, ரோடு பக்கத்தில் ஆகாது. புயல் மேகம் தெரிந்தால் பட்டத்தைத் தொடவே கூடாது. பிறகு வளையத்துக்கு மேலே இருந்த சிவப்புப் பிடியைக் காட்டினாள்.

"இதுதான் குவிக் ரிலீஸ். கைமீறிப் போச்சுன்னா இதை முன்பக்கமா ஒரு தள்ளு. வளையம் தொறந்துரும், பட்டம் ஒத்தைக் கயித்துல துவண்டு விழுந்துரும். இது வேலை செய்யலைன்னா உசுரு இல்ல சார். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் மாட்டுததுக்கு முன்னாடி தள்ளிப் பாத்துக்கிடுவோம்." தள்ளிக் காட்டினாள். டக்கென்று வளையம் வாயைப் பிளந்தது.

பட்டாபி சார் முகம் வெளிறிவிட்டது. ரோட்டில் பர்ஸைத் தொலைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் பட்டம் ஏற்றப்போகிற திடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியதும் என் பக்கம் திரும்பினார்.

"உஷா, அரக்கை எடு."

"சார், அது கழலணும்னே செஞ்சது சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். இத்தனை சுலபமாக் கழண்டு வர்றது. முதல்ல அதைன்னா கட்டணும்? நாளைக்கு வழியில ஒருத்தன் மாத்திப்பிட்டா ஆடிட்டுக்கு நீ பதில் சொல்வியா?"

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னா..."

"அவ கமிட்டி மெம்பரா? ஜல்தி பண்ணு."

"சரி சார்" என்றேன். ஆமாம், நான்தான். கொஞ்சம் முன்னால் அந்தப் பெண் 'உசுரு' என்று சொன்னதைக் காதால் கேட்ட நானேதான் நூலை மூன்று மடிப்பாக முறுக்கி, சிவப்புப் பிடியையும் வளையத்தையும் சேர்த்து இறுக்கிக் கட்டி, அரக்கு ஊற்றி, முத்திரை குத்தினேன். பதிவு சுத்தமாக விழுந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் வேறு. தூ!

மூன்று மணிக்கு யமுனைப் பக்கம் அலுவலகத்துக்குச் சொந்தமான திடலுக்குப் போனோம். ஒரு ஓரத்தில் முள்கம்பி வேலி, அதற்கு அப்பால் உயர் அழுத்த மின்கோபுரம். வைஷ்ணவி பட்டத்துக்குக் காற்றடித்துக் கவிழ்த்து, மேலே மணல் மூட்டை வைத்தாள். பட்டாபி சார் கம்பியைக் கையைவிட்டுக் கொடுக்கவில்லை, மாதிரி அவர் பொறுப்பாம். அதனால் அவள் கயிறுகளை மட்டும் பிரித்துக்கொண்டு போய்ப் பட்டத்தில் கட்டினாள். திரும்பி வந்து சிவப்புப் பிடியைச் சோதிக்கக் கை நீட்டியவள், அரக்கைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"யாரு அக்கா இதைக் கட்டுனது?"

நான் தோளில் இருந்த அரக்குப் பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டேன்.

"வெட்டுங்க இதை. இல்லைன்னா இன்னைக்குப் பட்டம் ஏறாது."

"மெஹ்ரா ஹரித்வார் போயிருக்கார்மா" என்றார் பட்டாபி சார். "மூணு பேர் இல்லாம சீல்ல கை வைக்கப்படாது. பறக்கவே வேண்டாம், விடு. அதிகாரி சாமானோட நிக்கற போட்டோ ஒண்ணு ஃபைலுக்குப் போறும்."

அவள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் அடியிலிருந்து காவி நிறமாக எழும்பிக்கொண்டிருந்தது. ஆந்தி, புழுதிப்புயல். மே மாதத்து டில்லிக்காரர்களுக்குத் தெரியும், ஐந்து நிமிஷத்தில் மண்ணை வாரி முகத்தில் அடித்துவிட்டுப் போகும்.

"நான் போய்ப் பட்டத்துக் காத்தை எறக்குதேன். அதுவரைக்கும் ஒருத்தரும் கொக்கியில மாட்டாதீங்க. கேக்குதா சார்?" என்று சொல்லிவிட்டு அவள் பட்டத்தை நோக்கி ஓடினாள்.

கேட்டது. கேட்டும், மனுஷர் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "வெறும் கையில புடிச்சா போட்டோவுல இயக்கிப் பார்த்த மாதிரி இருக்காது" என்று வளையத்தைக் கொக்கியில் மாட்டினார். "நான் பார்க்காத பட்டமா? எடு." நான் போனைத் தூக்கினேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன், 'வேண்டாம் சார்' என்று சொல்லவில்லை. 'கொஞ்சம் சிரிங்க சார்' என்றேன்.

முதல் காற்று அடித்தபோது வைஷ்ணவிக்குப் பட்டம் இன்னும் நாலடி தூரம். மணல் மூட்டை உருண்டது. பட்டம் ஒரு பக்கம் நிமிர்ந்து, பாய்ந்து வந்து பிடித்தவளைத் தட்டிவிட்டு எழும்பியது. அவள் சொன்ன அதே நட்ட நடுவில். கயிறு நாலும் விறைத்தன. பட்டாபி சார் குப்புற விழுந்தார்.

"பாரை விடுங்க சார்! விட்டுருங்க!" என்று அவள் அலறினாள்.

எங்கே விடுவார்? ஆகஸ்ட் பதினைந்து வீரர் அல்லவா. மொட்டை மாடியில் காற்று அதிகமானால் நூலை இழுப்பாரே, அப்படியே கம்பியை மார்போடு சேர்த்து இழுத்தார். பட்டம் இன்னும் பலமாக உறுமிக்கொண்டு அவரைப் புழுதியில் தேய்த்துக்கொண்டே போனது. வேலியை நோக்கி. அப்பால் கோபுரம். செருப்பை உதறிவிட்டு ஓடினேன்.

"சிவப்பைத் தள்ளுங்க!"

தள்ளினார். நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு கையாலும் தள்ளினார். என் மூன்று மடிப்பு நூல் அசையவில்லை. என் அரக்கு ஒரு சில்லுகூட உதிரவில்லை. அத்தனை நன்றாகக் கட்டியிருந்தேன், பாவி.

அவர் கால்மேல் விழுந்தேன். இரண்டு பேருமாகத் தேய்ந்துகொண்டு போனோம். "உடை! உஷா, உடைடி! ஐயோ, உடை!" என்று கத்தினார். தோளில் மாட்டிய அரக்குப் பையில் நூல் வெட்டுகிற கத்தரி இருந்தது. கண்ணெல்லாம் மண். தடவித் தடவி நூலைக் கண்டுபிடித்து ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு என்று வெட்டினேன். மூன்றாவது அறுந்ததும் சிவப்பை என் உள்ளங்கையால் தள்ளினேன். டக். பட்டம் ஒற்றைக் கயிற்றில் துவண்டு, துணி மாதிரி மண்ணில் விழுந்து படபடத்தது. வேலிக்கும் அவர் தலைக்கும் இடையில் நான் படுத்தால் இடம் சரியாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

காலர் எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி மீனாக்ஷி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் உஷா" என்று அழுதாள். அவள் பிடித்திருந்தது சீல் வைத்த அதே கை என்பதைச் சொல்லாமல், டீ வாங்கி வரப் போனேன்.

பத்து நாள் கழித்துக் கட்டோடு அலுவலகம் வந்தார். வந்த அன்றே என் மேஜையில் ஒரு மெமோ. 'கமிட்டி உறுப்பினர்கள் மூவரும் இல்லாத நிலையில் மாதிரியின் சீல் உடைக்கப்பட்டுள்ளது. யார் உத்தரவின் பேரில் என்று மூன்று நாளில் விளக்கம் தரவும்.' கீழே இடது கையால் போட்ட கோணல் கையெழுத்து.

ரத்தம் கொதித்தது. அதே காகிதத்தின் கீழே எழுதினேன்: 'தங்கள் உத்தரவின் பேரில். "உடைடி" என்று தாங்கள் வாய்மொழியாகப் பிறப்பித்த உத்தரவை எழுத்தில் உறுதி செய்து தரவும்.'

சாயங்காலம் ஃபைல் திரும்பி வந்தது. 'உறுதி செய்யப்படுகிறது' என்று முதல் வரி. மனுஷர் திருந்திவிட்டார் என்றே நினைத்துவிட்டேன். இரண்டாவது வரி: 'மீதமுள்ள ஒன்பது செட்டுகளுக்கும் விதிப்படி சீல் வைத்து அனுப்பவும். அவசரத் தேவைக்கு ஒவ்வொரு செட்டோடும் கத்தரிக்கோல் ஒன்று சேர்க்கவும். கத்தரிக்கோலும் சீல் வைக்கப்பட வேண்டும்.'

மூன்று தடவை படித்தேன். ஒன்பது பட்டம். வைஷ்ணவியிடம் கற்றுக்கொள்ள வருகிற ஒன்பது பேர், நடுக்கடலில், அரக்கு வைத்த கத்தரியைத் தேடிக்கொண்டு. ஃபைலை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"முடியாது சார்."

பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. கட்டுப் போட்ட கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சீல் வைக்க மாட்டேன். நான் வச்சதை நீங்க தள்ளிப் பாத்தீங்களே சார், நகந்துச்சா?"

அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"எழுத்துல குடு."

கொடுத்தேன். அங்கேயே நின்று எழுதி, சிவப்புப் பிடி எதற்கென்று ஒரு பாமரனுக்கும் புரிகிற மாதிரி விளக்கி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் பட்டாபி சார் லீவு. ஒன்பது பெட்டியும் சீல் இல்லாமல் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தன. அனுப்பிய சீட்டில் கமிட்டித் தலைவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இன்றைக்கும் காலியாகவே இருக்கிறது. கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது.